அம்மாவின் விடைத்தாள்களுக்கு நான் போட்ட புள்ளிகள்

முதலாம் ஆண்டு நினைவு மலரில் அம்மாவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அப்பா சொன்ன நாள் தொடக்கம் எனக்குப் பயமாக இருக்கிறது. "நீதான் படிச்ச பிள்ளை. நாலு பேர் வாசிக்கிற மாதிரி எழுது" என்றார் அப்பா. படித்த பிள்ளை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் பேனையை மூடி வைத்துவிட்டேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினர்களே, நண்பர்களே, அம்மாவின் பொறுமையையும் கைப்பக்குவத்தையும் பற்றி வாசிக்கலாமென்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவற்றுக்கு முதல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லலாமென்று தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அம்மா கணிதம் படித்த காலத்தில் அவருடைய விடைத்தாள்களைத் திருத்தியவள் நான். அவற்றுக்குப் பொய்ப் புள்ளி போட்டேன். அம்மா பரீட்சையில் தோற்றது அந்தப் பொய்யால்தானோ என்ற பயம் அம்மா போன நாளிலிருந்து என்னைச் சோறு தின்ன விடவில்லை.

இனி முறைப்படி தொடங்குகிறேன்.

அம்மா சம்பூரில், தோட்டமும் மாடும் வைத்திருந்த ஒரு குடும்பத்தில், நான்கு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழுக்கும் சமயத்துக்கும் பரிசு வாங்கியவர். கணிதம் சுமார்தான், ஆனாலும் மோசமில்லை என்று கூடப்படித்தவர்கள் சொல்வார்கள். பதினாறு வயதில் அவர் சாதாரண தரப் பரீட்சை எழுதியது யுத்தப் பிரச்சினைக் காலத்தில். கணிதப் பரீட்சையன்று இரண்டாம் வினாத்தாளைக் கொடுத்துச் சிறிது நேரத்தில் எங்கோ தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டதாம். மேற்பார்வையாளர் எல்லோரையும் இருந்து எழுதச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். அம்மா மட்டும் பேனையையும் விட்டுவிட்டு எழும்பி ஓடிவிட்டார். அன்று அந்த மண்டபத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. மற்றவர்கள் எழுதி முடித்து, மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

முடிவு வந்தபோது அம்மாவுக்கு மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி, கணிதம் மட்டும் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. அதற்குப் பிறகு அம்மா ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார்: "எனக்குக் கணக்கு ஏறாது." பாதிப் பரீட்சையில் எழும்பி ஓடியதால் வந்த டபிள்யூ அது. அம்மாவோ அது தன் மண்டையின் குறை என்றே இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நம்பினார். கடைக்காரர் மிச்சம் தந்தால் எண்ணிப் பார்க்காமல் அப்பாவிடம் நீட்டுவார். எனக்கு ஐந்தாம் வகுப்பில் பின்னம் சொல்லித் தரும்படி கேட்டபோது, கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டு, "ஐயோ, என்னட்டைக் கேக்காத பிள்ளை, எனக்கு ஏலாது" என்றார்.

கடற்றொழில் செய்த அப்பாவைக் கைப்பிடித்து, என்னைப் பெற்று, நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே 2006இல் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, பல வருடம் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் என்னை வளர்த்தார். அந்த வருடங்களைப் பற்றி இதை வாசிக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கந்தான். எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் கதவு எங்கே என்று பார்ப்பேன். அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்துவிட்டு, பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, பிரதேசத்துப் பொது நூலகத்தில் அம்மாவுக்குத் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. கதவு திறப்பது, கூட்டுவது, புத்தகங்களை அடுக்குவது, சத்தம் போடுகிற பிள்ளைகளைப் பார்த்து விரலை வாயில் வைப்பது. அங்கே பொறுப்பாக இருந்தவர் மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மையார். அம்மா அவரை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டார், அவர் அம்மாவைத் தங்கச்சி என்றார். நானும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், முறை பிழைதான்.

நூலகத்தில் அம்மாவுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. படிக்க வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் எடுக்கிறது என்பதில் அவருக்கு அக்கறையில்லை. எப்படிப் படிக்கிறது என்பதைத்தான் பார்ப்பார். மூன்று நிறப் பேனையால் பக்கம் முழுக்கக் கோடு கீறுகிற பிள்ளை, ஒரே பக்கத்தை நாலு தரம் வாசிக்கிற பிள்ளை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முகட்டைப் பார்த்து முணுமுணுக்கிற பிள்ளை. "முகட்டைப் பாக்கிறதுகள் பாஸ் பண்ணுங்கள். கோடு கீறுறதுகள் பாவங்கள்" என்பார். முடிவுகள் வருகிற நாளில் ராத்தாவும் அம்மாவும் பெயர் சொல்லிச் சரிபார்ப்பார்கள். அம்மா சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். "தங்கச்சிக்கிக் கண்ணுல கணக்கு இரிக்கி, கையிலதான் இல்ல" என்று ராத்தா பகிடி பண்ணுவார்.

நான் கோடு கீறுகிற பிள்ளை. அம்மா அதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்கு ஊரில் கெட்டிக்காரி என்று பெயர். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, மூதூரிலும் திருகோணமலை நகரத்திலுமாக ஐந்து ரியூசனுக்குப் போனேன். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் செய்தால் எனக்கு எல்லாம் விளங்கும். வீட்டில் தனியே கொப்பியை விரித்தால் ஒன்றும் வராது. வராதது தெரிந்துவிடும் என்ற பயத்தில் தனியே விரிக்கவே மாட்டேன். இன்னொரு ரியூசனுக்குப் பெயர் கொடுத்துவிடுவேன். இதை ஊர் அறியாது. "பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் ஓடுது" என்று என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளை ஏசினவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளிடம் இத்தால் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் உயர்தரம் தொடங்கிய வருடம் அம்மாவின் கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகம் பழுது என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடிய முதல் பஸ்ஸில் ஏறி, மூதூர், கிண்ணியாப் பாலம் கடந்து போய், நாலு மணித்தியாலம் கதிரையில் சாய்ந்திருந்து, பின்னேரம் திரும்பி வருவோம். வைத்தியர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்குப் பிரஷர் ஏறாமப் பாத்துக்கொள்ளுங்கோ. உப்புக் கவனம். மனக் குழப்பம் கூடாது" என்றார். மனக் குழப்பம் கூடாது என்ற சொல்லை நான் மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டேன். ராத்தா தன் வீட்டுப் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து தந்தார். நான் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றினேன்.

அதே காலத்தில், தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தி வேண்டுமாம். நான், "விடுங்கோ அம்மா, இந்த வருத்தத்தோட என்ன படிப்பு" என்றேன். அம்மா உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்.

"நான் தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதப் போறன். வேலைக்கெண்டு மட்டும் நினைக்காத. அண்டைக்கு எழும்பி ஓடின கதிரையில ஒருக்கா இருந்து முடிக்கவேணும். முடிக்காமப் போக எனக்கு விருப்பமில்ல."

போக என்ற சொல்லைக் கேட்டதும் நான் பிரஷர் மெஷினை எடுத்துவந்தேன். அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

நூலகத்திலிருந்த கடந்தகால வினாத்தாள்களை அம்மா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான் செய்வார், அதையும் ஒரே நேரத்தில்தான் செய்வார், காலை தேத்தண்ணி முடிந்ததும். ஆஸ்பத்திரி நாட்களில் மட்டும் அங்கே கதிரையில் ஒரு கையில் குழாய் ஓட, மற்றக் கையால் எழுதுவார். தாதிமார் பக்கத்துக் கட்டில்காரருக்குக் காட்டுவார்கள். நான்தான் திருத்த வேண்டும் என்று கேட்டார். "நீ கெட்டிக்காரி, உனக்குத் தெரியும்" என்றார்.

முதல் விடைத்தாளைத் திருத்தினேன். நூற்றுக்குப் பத்தொன்பது. சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் தாள் முழுக்கப் பிழை. என் மண்டைக்குள் வைத்தியரின் குரல். இந்தப் பத்தொன்பதைச் சொன்னால் பிரஷர் எங்கே போய் நிற்கும்? எத்தனை பிழை போட்டால் எத்தனை ஏறும் என்று நான் உண்மையாகவே கணக்குப் பார்த்தேன். என்ன மடைத்தனம் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. வழிமுறைக்கு ஒரு புள்ளி, நல்ல எழுத்துக்கு ஒரு புள்ளி, படம் கீறியதற்கு இரண்டு என்று கூட்டிக்கூட்டி ஐம்பத்து நாலு ஆக்கினேன். "ஐம்பத்து நாலு அம்மா!" என்று சத்தமாகச் சொன்னேன். உடனே பிரஷர் பார்த்தேன். முதல் நாளையதைவிடக் குறைந்திருந்தது.

அதோடு பிடித்தது வினை. இரண்டாம் தாளுக்கு ஐம்பத்தைந்து. மூன்றாம் தாளுக்கு ஐம்பத்து மூன்று, சந்தேகம் வராமலிருக்க. ஐம்பதைத் தாண்டினால் போதும் என்று எனக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தரமும் புள்ளியைச் சொல்லிவிட்டுப் பட்டியைச் சுற்றுவேன். பிரஷர் கட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தாளை மடித்து நூலகத்துக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைப்பார்.

தாளில் ஒரு வினோதத்தையும் கண்டேன். சில கேள்விகளின் தலையில் சின்னதாக ஒரு சுழி இருக்கும். சிலவற்றில் இருக்காது. பிள்ளையார் சுழி என்று நினைத்துக்கொண்டேன். "என்னம்மா, எல்லாக் கணக்குக்கும் பிள்ளையார் வரமாட்டாராமோ? கேத்திரகணிதத்துக்கு அவருக்கும் பயமோ?" என்று கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஓம், அவருக்கும் பயந்தான்" என்றார். விளக்கம் சொல்லவில்லை.

பரீட்சை நெருங்க நெருங்க நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். அம்மா சித்தியடைவேன் என்ற நம்பிக்கையோடு போகிறார், அந்த நம்பிக்கையைக் கட்டியது என் பொய்ப் புள்ளி, அது மண்டபத்தில் உடையப்போகிறது. சொல்லிவிடலாமென்று எத்தனையோ தரம் குசினி வாசல் வரை போனேன். சொன்னால் பிரஷர் ஏறும், சொல்லாவிட்டால் தோற்பார். எந்தப் பக்கம் போனாலும் அம்மாவுக்கு ஏதோ நடக்கும், அது என்னால் நடக்கும். பரீட்சையன்று அம்மாவை மண்டப வாசலில் விட்டுவிட்டு மூதூர்ப் பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். கச்சான் கடலை விற்றவர், "என்ன புள்ள, நீங்க பரீட்சைக்கிப் பிந்திட்டீங்களா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

அம்மா கடைசி மணி அடிக்கும் வரை இருந்து எழுதிவிட்டு வந்தார். களைத்திருந்தார். "எப்பிடி?" என்று கேட்காமல் அவருடைய பையை வாங்கிக்கொண்டேன். அவரே சொன்னார், "இருந்தனான். முழுக்க இருந்தனான்."

முடிவு வந்தது. கணிதம், டபிள்யூ. என் போனில்தான் பார்த்தோம். நான் திரையை உடனே மூடினேன், கண்டுவிட்டார். நான் முதலில் எடுத்தது பிரஷர் மெஷினை. அம்மா பட்டியைச் சுற்ற விடவில்லை. "விடு பிள்ளை. அடுத்த முறைக்குப் போடுவம்" என்றார். அவ்வளவுதான். அவர் அழவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஐம்பத்து நாலு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் டபிள்யூ வாங்கினால் ஏன் என்று கேட்க வேண்டுமே, ஏன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை? விளங்கிவிட்டதா? அல்லது எனக்குக் கணக்கு ஏறாது என்ற பழைய இடத்துக்கே போய்விட்டாரா? கேட்கத் துணிச்சல் வரவில்லை.

திரும்பவும் தொடங்கினார். அதே காலை, அதே தேத்தண்ணி. தாளை என்னிடமே தந்தார். இனியாவது உண்மையைப் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போடவில்லை. டபிள்யூவுக்குப் பிறகு முப்பத்தொன்று என்று எப்படிச் சொல்வது? ஐம்பதுக்கு மேலேயே வைத்திருந்தேன். சில மாதங்கள் போக, கூட்டிப்போட வேண்டிய வேலை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. எனக்கு என் உயர்தரம், என் ஐந்து ரியூசன், என் பயம்.

இரண்டாம் முறைப் பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஒரு காலையில், செருப்பைப் போடக் குனிந்த அம்மா அப்படியே சரிந்தார். அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்று நாள் வைத்தியர்கள் போராடினார்கள். மூன்றாம் நாள் முற்பகல் அம்மா எங்களை விட்டுப் போய்விட்டார். அவருடைய பரீட்சை அனுமதி அட்டை அதற்குப் பிறகுதான் தபாலில் வந்தது. அப்பா அதை வாங்கி, தபால்காரருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அலுமாரிக்குள் வைத்தார்.

மரணவீட்டில் ஒருவர், பெயர் வேண்டாம், "பாவம், அந்தக் கணக்கைப் பாஸ் பண்ணாமலே போட்டா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் குத்தியது. நான்தானே காரணம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த ராத்தா என்னிடம் ஒரு கொப்பி தந்தார். "தங்கச்சிட மேசை லாச்சியில இருந்திச்சி. உங்களுக்கிட்டக் குடுக்கச் செல்லல்ல, ஆனா குடுக்காதண்டும் செல்லல்ல. நான் படிக்கல்ல மகள்" என்றார். பழைய பதிவுக் கொப்பி, மட்டையில் கணிதம் என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கு அதைத் திறக்கப் பயம். உள்ளே என்னைப் பற்றி என்ன இருக்கும்? அதைச் சேலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன். சில மாதத்தில் என் உயர்தரப் பரீட்சையை எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதற்கில்லை, இருந்துவிட்டு வந்தேன். ஒரு பாடம் எஸ், அதாவது சாதாரண சித்தி, இரண்டு பாடம் எஃப், சித்தியில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாவின் இழப்பு என்று அப்பா சொன்னார். நானும் அதையே சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.

இந்தக் கட்டுரை எழுதச் சொல்லி அப்பா வற்புறுத்திய பிறகுதான், போன மாதம், கொப்பியைத் திறந்தேன்.

அம்மா பக்கம் பக்கமாகக் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி. முதலாவதாக, எத்தனை கேள்விக்குச் சுழி போட்டார் என்று. இந்தக் கணக்கு எனக்கு வரும் என்று செய்ய முதலே நினைத்தால் அதற்குச் சுழி. அதுதான் அந்தச் சுழி. அடுத்து, சுழி போட்டதில் எத்தனை சரியாக வந்தது. அடுத்து, நூலகத்துப் புள்ளித்திட்டத்தை வைத்துத் தானே திருத்தி எடுத்த உண்மைப் புள்ளி. கடைசியில் 'பிள்ளை போட்டது' என்று ஒரு கட்டம்.

பத்தொன்பது. பிள்ளை போட்டது ஐம்பத்து நாலு.

இருபத்திரண்டு. பிள்ளை போட்டது ஐம்பத்தைந்து.

முதல் தாளிலேயே கண்டுபிடித்துவிட்டார். கீழே கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தார்: "சுழி பதினொண்டு. வந்தது நாலு. எனக்கு என்னைத் தெரியாது போல. வருமெண்டு நினைச்சது வரேல்ல, வராதெண்டு விட்டதில ரெண்டு வந்திருக்கு." இன்னொரு பக்கத்தில்: "பிள்ளை கூட்டிப் போடுது. புள்ளி சொல்லேக்க அவவுக்குக் கை குளிர்ந்து போகுது. ஐம்பது எண்டு சொன்ன பிறகுதான் முகம் தெளியுது. இப்ப சொன்னா உடைஞ்சு போவா. இருக்கட்டும், நான் இஞ்ச திருத்துறன்."

அம்மாவின் பிரஷரை நான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதல் பரீட்சைக்கு முதல் நாள் எழுதியது இது: "இந்த முறை வராது. தெரியும். ஆனாலும் போவன். பயம் எந்த இடத்தில வருது எண்டு பாத்திட்டு வரவேணும்." அடுத்த நாள்: "ரெண்டாம் பேப்பர் குடுத்தவுடன வந்தது. கதவைப் பாத்தன். பத்து நிமிசம் ஒண்டும் எழுதேல்ல, எழும்பவும் இல்ல. பிறகு பயம் போட்டுது. அடுத்த முறை அந்தப் பத்து நிமிசத்துக்கு லேசான கணக்கு ஒண்டை வைச்சிருக்க வேணும்."

நான் பஸ் தரிப்பிடத்தில் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அம்மா அங்கே தன் பயத்துக்கு நேரம் குறித்துக்கொண்டு இருந்திருக்கிறார். தோற்கப் போகிறேன் என்று தெரிந்தே போய், தெரிந்தே தோற்று வந்திருக்கிறார். என் பொய்யை அவர் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. ஒரு வருடமாக என்னைத் தின்ற பயத்துக்கு அங்கே இடமேயில்லை. ஆறுதலாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆறுதலைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது. நான் திருத்திய தாள்களையே நோயோடு இருந்தவரைத் திரும்பவும் திருத்த வைத்திருக்கிறேன்.

இரண்டாம் வருடத்துப் பக்கங்களைப் புரட்டினேன். முப்பத்தொன்று. நாற்பது. முப்பத்தெட்டு, அதற்குப் பக்கத்தில் "அவசரப்பட்டிட்டன்". நாற்பத்தேழு. சுழி ஒன்பது, வந்தது எட்டு, "இப்ப என்னைக் கொஞ்சம் தெரியுது." நான் போட்ட புள்ளிகள் ஐம்பத்து நாலு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தைந்து என்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அம்மாவின் புள்ளி ஒவ்வொரு தாளாக அவற்றை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. கடைசி வரி, அவர் சரிந்த நாளுக்கு நாலு நாள் முந்தியது. உண்மைப் புள்ளி ஐம்பத்தாறு. பிள்ளை போட்டது ஐம்பத்தாறு.

அதற்குக் கீழே: "இண்டைக்குப் பிள்ளை பொய் சொல்லேல்ல."

அந்தத் தாளைத் திருத்தியது எனக்கு ஞாபகமேயில்லை. கூட்ட வேண்டிய தேவை இல்லாததால் கூட்டாமல் விட்டிருக்கிறேன். என் அம்மா சித்தியடையப் போகிறார் என்று என் கையே எழுதியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கணக்கைப் பாஸ் பண்ணாமலே போட்டா என்று சொன்ன அந்த உறவினருக்கு இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கட்டுரையை எழுதினேன். அது யாரும் சான்றிதழ் தராத ஐம்பத்தாறுதான். ஆனால் இரண்டு பேர் தனித்தனியே திருத்தி ஒரே எண் வந்திருக்கிறது.

இனி நன்றி. அம்மாவுக்கு இரண்டு வருடம் ஊசி குத்தியும் ஒரு நாள் நோகப் பேசாத தாதிமாருக்கும், வைத்தியர்களுக்கும், நாங்கள் ஓடி வருவதைக் கண்ணாடியில் கண்டு பஸ்ஸை நிறுத்தி வைத்த சாரதிக்கும், இரத்தம் கொடுத்த மூதூர், கிண்ணியா இளைஞர்களுக்கும், மரணவீட்டிலிருந்து அந்தியேட்டி வரை அடுப்பை அணைய விடாத அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சொந்தத் தங்கச்சியை இழந்தவர் போல எங்களோடு இருந்து அழுத ராத்தாவுக்கு நன்றி என்ற சொல் போதாது, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வரியும் வெட்டச் சொல்லாத அப்பாவுக்கும் நன்றி. அவர் வாசித்து முடித்துவிட்டு, "புள்ளி விசயத்தையும் போடப் போறியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "சரி" என்றார்.

அடுத்த மாதம் நான் இரண்டாம் முறையாக உயர்தரம் எழுதுகிறேன். ஐந்து ரியூசனில் மூன்றை நிறுத்திவிட்டேன். கொப்பியைத் தனியே விரித்துப் படிக்கப் பழகுகிறேன். சுழி போடுகிறேன். பெரும்பாலும் வருவதில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை, இந்த வரியை எழுதும்போதும் உள்ளங்கை ஈரமாக இருக்கிறது. உறவினர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முடிவு வருகிற நாளில் நீங்கள் எல்லோரும் போன் எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். எடுங்கள். வந்ததை வந்தபடி சொல்லுவேன். அதை நீங்கள் அடுத்தவருக்குச் சொல்லும்போது, தாயில்லாத பிள்ளை, பாவம் என்று கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். எஸ் என்றால் எஸ் என்றே சொல்லுங்கள்.